நாயை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? - கொஞ்சம் சொந்தக் கதை, நிறைய வரலாறு

"இப்பதான் சார் சாப்பிட்டுப் படுத்தான். ஜம்முனு இருக்கான்."

போன்ல இதைக் கேட்டப்ப நான் சேலத்துல ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு இருந்தேன். மாமனாருக்கு ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லாததால நானும் வீட்டம்மாவும் நாலு நாள் அங்கேயே டேரா. எங்க மணியை, நாளுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு நாய் பாத்துக்கிற ஒரு இடத்துல விட்டிருந்தோம். கள்ளக்குறிச்சியிலேர்ந்து ஒரு 20 கிலோமீட்டர். காலையிலேர்ந்து அணைச்சு வெச்சிருந்த செல்லை மதியம் போட்டதும் முதல் வேலையா அங்கதான் கூப்பிட்டேன். பதில்தான் மேலே இருக்கிறது.

நிம்மதியா போனை வெச்சுட்டுப் பாத்தா அம்மாகிட்டேர்ந்து 17 தவறிய அழைப்பு.

"டேய், எங்கடா இருக்கே? நல்லாத்தானே இருக்கே?" அம்மா குரல் உடைஞ்சு போயிருந்தது. "மணி தனியா வந்து நிக்குதுடா. கழுத்துல அறுந்த கயிறு. நீ அதைக் கூட்டிட்டு வர்றப்ப ரோட்டுல ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்டா."

அங்கே ஜம்முனு சாப்பிட்டுப் படுத்திருந்த மணி, இங்கே எங்க வீட்டுத் திண்ணையில அம்மா காலடியில படுத்திருந்தான். அதுக்கப்புறம் நான் அந்த இடத்துக்குப் போன் பண்ணிப் பேசினதையெல்லாம் இங்கே எழுத முடியாது. :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நாய் தப்பிச்சு வந்ததைவிட, அதைப் பாத்து அம்மா அடைஞ்ச பயம்தான் மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. இதே மாதிரி ஒரு கதையை நான் எங்கேயோ படிச்சிருக்கேனேன்னு தோணிச்சு. ஊருக்கு வந்ததும் அலமாரியைக் குடைஞ்சேன். இந்தப் பதிவு அப்படி ஆரம்பிச்சதுதான்.

மூணு அண்ணன் தம்பி, மூணு நாய்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கச்சிராயபாளையம் தாண்டிப் போனா கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் எல்லாம் அங்கேதான். மலையில இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடியினர். கேரளாவோட முடிச்சுப் போட்டுக்காதீங்க, மலையை ஆள்றவங்கங்கற அர்த்தத்துல வந்த பேர். பேசறது தமிழ். 1976 வரைக்கும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில இருந்துச்சு. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன்னு மூணு ஜாகிர். நாடு 1947ல சுதந்திரம் வாங்கினாலும் மலைக்கு 29 வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சதுன்னு சொல்றவங்க உண்டு. நாங்க விழுப்புரம் மாவட்டத்துலேர்ந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்லதான்.

இவங்க பூர்வ கதை காஞ்சிபுரத்துல ஆரம்பிக்குது. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து 1909ல வெளியிட்ட, தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும் பத்தின ஏழு தொகுதிகள்லயும் இது பதிவாகியிருக்கு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு அண்ணன் தம்பிங்க. வேட்டைக்குப் போறாங்க. கூட நாய்ங்களும் போகுது. பெருமழை, வெள்ளம். ஆளுங்க காட்டுலயே மாட்டிக்கிறாங்க. நாய்ங்க மட்டும் எப்படியோ தப்பிச்சு வீடு வந்து சேருது.

எஜமானன் இல்லாம வந்த நாயைப் பாத்ததும் வீட்டுப் பொம்பளைங்க, புருஷன்மார் செத்துட்டாங்கன்னு முடிவு கட்டிடறாங்க. வெள்ளம் வடிஞ்சு அவங்க திரும்பி வர்றப்ப பழைய வாழ்க்கைன்னு ஒண்ணும் மிச்சம் இல்லை. மலைகளுக்குப் போய்ப் புதுசா குடும்பம் பண்றாங்க. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைன்னு மலையாளிகள் பரவினதுக்கு இதுதான் காரணம்னு கதை முடியுது. யார் எந்த மலைக்குப் போனாங்கங்கறது சொல்றவங்களைப் பொறுத்து மாறும். நாய் தனியா வந்த இடம் மட்டும்தான் எனக்கு மறக்க முடியாதது.

இது நடந்துச்சா இல்லையாங்கற ஆராய்ச்சிக்கு நான் வரலை. என்னைக் குத்தினது வேற. நாய்ங்க மூணும் நல்லபடியாத்தான் வீடு வந்துச்சு. ஒருவேளை ஆளுங்க இருந்த இடத்தைக் காட்ட திரும்பக் காட்டுப் பக்கமே இழுத்திருக்கலாம். வீட்டுல இருந்தவங்களுக்கு அதுங்க சொல்ல வந்தது புரியலை. நாய்க்குப் பேச்சு கிடையாது. அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். கதையில அந்த மூணு நாய்க்கும் பேர்கூட இல்லைங்கறதைக் கவனிங்க.

கோவிவன்

பேர் உள்ள நாய் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு வழியா வடக்கே போய்த் தென்பெண்ணையைத் தாண்டினா தண்டராம்பட்டு. திருவண்ணாமலை மாவட்டம். அந்தப் பக்கத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். செங்கம் சுத்துவட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970கள்ல இரா. நாகசாமி காலத்துல தேடித் தேடிப் படிச்சப்ப வெளிச்சத்துக்கு வந்த கற்கள்ல எடுத்தனூர் கல்லும் ஒண்ணு.

மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டோட முதல் பாதி. கருந்தேவகத்திங்கற வீரன் தன்னோட எருமை மந்தையைக் காப்பாத்தறப்ப செத்துப் போறான். கல்லுல அவன் உருவம், கூடவே அவன் நாயும். அது பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சுட்டு, அந்த இடத்தை விட்டு நகராமக் காத்து நின்னுச்சுன்னு கல்வெட்டு சொல்லுது.

யோசிச்சுப் பாருங்க. மகேந்திரவர்மன் மாமண்டூரு, மண்டகப்பட்டுன்னு குகைக் கோயில் குடைஞ்சுக்கிட்டு இருந்த காலம். பெரிய பெரிய ஆளுங்க பேரே கல்லுல ஏறாத காலத்துல ஒரு எருமை மந்தை நாயோட பேர் ஏறியிருக்கு. அதை வெட்டச் சொன்னவங்க செத்துப்போன வீரன் இல்லையே. ஊர்ல மிச்சம் இருந்த ஜனங்க. வீரன் செத்த இடத்துல நாய் நிக்கறதைப் பாத்து, அது என்ன பண்ணிக்கிட்டு நிக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு, அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கங்கறதையும் தெரிஞ்சு வெச்சிருந்தவங்க. காஞ்சிபுரத்து வீட்டுல இல்லாத ஆளுங்க எடுத்தனூர்ல இருந்திருக்காங்க.

சோறு போட நிலம், தப்பினா பாவம்

இன்னொரு கல்லு, கொஞ்சம் தூரத்துல. இதுக்குப் பொன்னியின் செல்வன் ரசிகர்கள் காதைத் தீட்டிக்கலாம். 949ல அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்துல நடந்த போர் தெரியும். சோழ இளவரசன் ராஜாதித்தன் ஆனை மேலேயே செத்த போர். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் கங்க மன்னன் பூதுகன் சண்டை போட்டான். இந்தக் கிருஷ்ணனைத்தான் நம்ம கல்வெட்டுகள் கன்னரதேவன்னு சொல்லும். திருக்கோவிலூரை ஒட்டின கீழூர்ல அவன் பேர்ல கல்வெட்டுகள் இருக்கு, அதனால எங்க ஏரியாவும் அவன் கையில இருந்ததுதான்.

பூதுகன் படையில மணலேரன்னு ஒரு வீரன். அவன் வீரத்தைப் பாத்து என்ன வேணும்னு கேட்டப்ப, காளிங்கற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கிட்டான். அந்தக் காளி பின்னாடி ஒரு பெரிய காட்டுப் பன்னியோட மோதி ரெண்டும் செத்துப்போச்சு. அதுக்குக் கர்நாடகத்துல மத்தூர் பக்கம் ஆதகூர்ல கல் நட்டாங்க. இப்போ அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்துல இருக்கு. தக்கோலம் போரைப் பத்தி வரலாற்று ஆசிரியர்களுக்குக் கிடைச்ச முக்கியமான ஆதாரங்கள்ல ஒண்ணு, ஒரு நாய்க்கு வெச்ச கல்லுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அதுல இருக்கிற ஏற்பாட்டைப் பாருங்க. கல்லுக்குப் பூசை பண்ண ஒரு ஆள். அவனுக்கு நிலம். பூசை பண்ணாம அவன் சாப்பிட்டா அந்த நாய் பண்ண பாவமெல்லாம் அவன் தலையில விழும். ஆள் யாரு, கூலி என்ன, வேலை தவறினா என்ன தண்டனைன்னு மூணையும் தெளிவா எழுதி வெச்சிருக்கான் மனுஷன். செத்துப்போன நாய்க்கே இவ்வளவு. நான் உயிரோட இருக்கிற நாயை விட்டப்ப ஒரு ரசீதுகூட வாங்கலை!

துரை வீட்டு நாய்ப்பையன்

அப்புறம் வெள்ளைக்காரன் காலம். ஊட்டியில குள்ளநரி வேட்டைக்குன்னே இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல நாய் வரவழைச்சு, கொட்டில் கட்டி, கூட்டமா வளர்த்தாங்க. மெட்ராஸ்ல துரைமார் வீட்டு வேலையாட்கள்ல சமையக்காரன், குதிரைக்காரனோட டாக்பாய்னு ஒருத்தன் இருப்பான். நாயைக் குளிப்பாட்டறது, உண்ணி பொறுக்கறது, சாயந்தரம் நடத்திக் கூட்டிட்டுப் போறது அவன் வேலை. துரை வெளியூர் போனா நாய் அவன் பொறுப்பு. இன்னிக்குப் பகல் காப்பகம்னு சொல்றோமே, அதுக்கு நம்ம ஊர் முன்னோடி அந்தப் பையன்தான்னு நான் நினைக்கிறேன். துரைமார் எழுதின வேட்டைப் புத்தகங்கள்ல நாய்ங்க பேர் இருக்கும். பையன் பேரைத் தேடித்தான் பாக்கணும்.

நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் தேவைப்படலை. வீட்டுல நாலு பேர் எப்பவும் இருப்பாங்க. ஊருக்குப் போனா பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை சோறு வெப்பாங்க. மலையிலயும் அப்படித்தான். வேட்டைக்கும், காட்டுப் பன்னிகிட்டேர்ந்து கொல்லையைக் காக்கறதுக்கும் நாய். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்குத் தடை. அப்புறம் அதுங்களுக்குக் காவல் வேலை மட்டும்தான். எங்க மணியோட அம்மாவும் வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு சாமைக் கொல்லையைக் காத்த நாய்தான்.

காசு குடுத்துப் பகல்ல நாயை விடற பழக்கம் 1980கள்ல நியூயார்க் மாதிரி ஊர்கள்ல கிளம்பினது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போய், வீடு அடுக்குமாடி ஆனப்ப வந்த தேவை. சென்னை, பெங்களூருக்கு அதே காரணத்தோட வந்துச்சு. இப்போ எங்க பக்கத்துக்கும் வந்தாச்சு. பக்கத்து வீட்டு அக்கா பையனோட திருப்பூர் போயிட்டாங்களே, என்ன பண்றது?

சட்டமும் ஊசியும்

1959ல சென்னையில கேப்டன் சுந்தரம் புளூ கிராஸை ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே, 1960ல, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. நாயை எந்நேரமும் சங்கிலியில கட்டிப்போட்டு நடக்கவே விடாம வெக்கிறதும், அசைய முடியாத கூண்டுல அடைக்கிறதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆனா முதல் தடவை தப்புக்கு அந்தச் சட்டம் வெச்ச அபராதம் 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரை. ஆதகூர்க்காரன் வெச்ச பாவமே பரவாயில்லை.

அதனால சட்டம் பாத்துக்கும்னு விட முடியாது. நம்ம கண்ணுதான் பாக்கணும்.

அடுத்தது வெறிநாய்க்கடி பயம். குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907ல தொடங்கினது. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு சின்ன வயசுல நம்மளை மிரட்டுவாங்களே, அந்தப் பழைய ஆட்டுமூளை மருந்தை 2000களோட நடுவுலதான் நம்ம நாட்டுல நிறுத்தினாங்க. இந்த பயத்துனாலதான் அடுத்தவன் நாயை வாங்கி வெச்சுக்க யாரும் துணியலை. இப்போ நாய்க்கு மூணு மாசத்துல முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் வருஷா வருஷம் போட்டா போதும். 2021லேர்ந்து எங்களுக்குப் பக்கத்துல தலைவாசல்லயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு.

சரி, எப்படித்தான் தேடறது?

மணி வந்த பிறகு நான் ஏழெட்டு இடம் பாத்தேன். கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்லிடறேன்.

ஊசி அட்டையைக் கேக்காத இடத்துல விடாதீங்க. உங்க நாயோட அட்டையைக் கேக்கலைன்னா மத்த நாயோடதையும் கேக்கலைன்னு அர்த்தம். ரேபிஸ் மட்டும் பத்தாது, பார்வோவும் இருக்கு. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். வாசனை பினாயிலுக்கெல்லாம் சாகாது. பிளீச்சிங் கரைசல் ஊத்திக் கழுவறாங்களான்னு பாக்கணும்.

சொல்லாமக் கொள்ளாம ஒருநாள் போங்க. முன்ரூம் சோபாவைப் பாக்காதீங்க, பின்கட்டைப் பாக்கணும்னு கேளுங்க. "இப்ப முடியாது சார்"னா வண்டியைத் திருப்பிடுங்க. நான் பாக்கலை. அதான் கயிறு அறுந்த கதை.

சின்னதையும் பெரிசையும் ஒண்ணாப் போட்டு அடைக்கிறாங்களா? மதியம் தூங்க விடறாங்களா? நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளணும். எங்க ஊர் சித்திரை வெயில்ல தகரக் கூரைக்கு அடியில அது எவ்வளவு நேரம் தாங்கும்? தண்ணி நிழல்ல இருக்கா? வேலி எவ்வளவு உயரம்? கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட் இருக்கா? ராத்திரி யாரு இருப்பாங்க? உடம்புக்கு முடியலைன்னா எந்த டாக்டர்?

முதல்ல ரெண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க. அப்புறம் அரை நாள். கூட்டிட்டு வர்றப்ப நாயைப் பாருங்க. வால் கவட்டுக்குள்ளே போயிருந்தாலோ, அடுத்த தடவை அந்தத் தெரு திரும்பினதுமே கால் ஊனி நின்னாலோ, பதில் கிடைச்சாச்சு.

இதெல்லாத்துக்கும் மேல நான் இப்போ பாக்கறது ஒண்ணே ஒண்ணு: நம்மளைக் கேள்வி கேக்கறாங்களா? முன்னாடி நான் விட்ட இடத்துல கேட்டது ரெண்டு. எத்தனை நாள், பணம் இப்பவா அப்புறமா.

போன பொங்கலுக்கு ஒரு கல்யாணத்துக்காக மதுரை போக வேண்டியிருந்தது. ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா நாலு நாய்க்கு மேல எடுக்கறதில்லைன்னு கேள்விப்பட்டுப் போனேன். போர்டுகூட இல்லை. திண்ணையில உக்காந்து அந்தம்மா கேக்க ஆரம்பிச்சாங்க. "இடி இடிச்சா எங்க போயி ஒளியும் தம்பி? ஆம்பளைங்க குச்சி எடுத்தா பயப்படுமா? தனியா சாப்புடுமா, ஆள் பக்கத்துல நிக்கணுமா? முன்னாடி எங்கயாச்சும் வுட்டு ஓடியாந்திருக்கா?"

கடைசி கேள்விக்கு நான் முழுக் கதையும் சொன்னேன். அந்தம்மா சிரிக்கலை. மணி கழுத்துல முடி முளைக்காத அந்தத் தழும்பைத் தடவிப் பாத்தாங்க.

"கட்ட மாட்டேன் தம்பி. ஆனா ஓடியாந்தா நேரா உன் வீட்டுக்குத்தான வரும்? உங்கம்மா நம்பரைக் குடு. இது கெளம்புன நிமிஷம் அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

குடுத்துட்டு வந்தேன். மூணு நாளும் அம்மாவுக்குத் தினம் சாயந்தரம் ஒரு போன் வந்திருக்கு. மணி என்ன தின்னான், எங்கே படுத்தான்னு. மூணாம் நாள் அம்மாவே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எனக்குப் போன் பண்ணாங்க. "தூங்கறான்டா. எழுப்பலை."

டிஸ்கி: எடுத்தனூர்க் கல்லை நான் படத்துல மட்டும்தான் பாத்திருக்கேன். மழை விட்டதும் வண்டி எடுத்துட்டுப் போகணும்னு இருக்கு. திருவண்ணாமலைப் பக்கத்து நண்பர்கள் யாராவது கூட வர்றீங்களா? மணியையும் கூட்டிட்டு வரேன். :-)